தடைக்காலத்தில் ஒரு பேய்ப்படம்

விசைப்படகுகள் கரையில் கட்டிக்கிடக்கிற
நாற்பதாவது நாள்.
மண்டபம் வடக்குத் துறையில்
வலைக்கொட்டகைக்குள் ஐந்து பேர்,
ஐஸ்பெட்டி மேல் ஒரு டிவி.
சீனி அசன் பென்டிரைவில் கொண்டுவந்த படம்
நான் பிறப்பதற்கு முந்தைய வருஷத்தது.
பரமக்குடியில் இதைப் பார்த்து
ஒரு ஆள் சீட்டிலேயே செத்துப்போனானாம்.
தியேட்டர்காரன் கட்டிவிட்டிருப்பான்
என்றாள் ரூபவதி.

முதல் கொலை பன்னிரண்டாம் நிமிஷத்தில்.
கழுத்தில் அரிவாள்,
சுவரெல்லாம் சிவப்பு.
"குங்குமத்தைக் கரைச்சிருக்கான்."
"இல்லடி, ரோஸ்மில்க்."
நண்டுக் கம்பெனியில் நாங்கள் இருவரும்
பதினோரு வருஷம்.
எங்களிடம் வந்து ரத்தம் காட்டக் கூடாது.
அது இப்படி வழிந்துகொண்டே இருக்காது.
கொஞ்ச நேரத்தில் கஞ்சி ஆடை மாதிரித் திரளும்,
ஓரம் முதலில் கறுக்கும்,
ஈ வரும்.
இந்தப் பங்களாவில் ஒரு ஈகூட இல்லை.
நண்டு ரத்தத்தில் நீலம் பாய்ந்திருக்கும் என்று
யாராவது இயக்குநரிடம் சொல்லியிருந்தால்
பேய்க்காவது அதை ஊற்றியிருப்பார்.

கதாநாயகி கத்துகிறாள்.
வாய் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்.
மூன்று தரம் மயங்கி விழுந்தும்
கனகாம்பரம் ஒரு பூ உதிரவில்லை.
பத்துக்கு மூன்று.

பிணம் மூச்சு விடுகிறது.
எழுந்துபோய் வயிற்றில் விரல் வைத்துக்
காட்டினான் டைட்டஸ்.
மதியச் சாப்பாடு பலமாக இருந்திருக்க வேண்டும்.

கிணற்றிலிருந்து கை வருகிறது.
நிறுத்து, நிறுத்து.
மணிக்கட்டில் சுருண்டிருக்கிற அந்த விளிம்பை
எனக்குத் தெரியும்.
காலை ஆறு மணிக்கு மாட்டி
கழற்றும்போது தோலையும் உரிக்கப் பார்க்கும்
அதே ரப்பர் கையுறை,
மேலே பச்சைப் பெயிண்ட்.
"பேய்க்கும் கம்பெனிக் கூலிதானா?"
சிரித்துச் சிரித்து
ரூபவதிக்குப் புரையேறிவிட்டது.

வௌவால் பறந்து வந்தது, நூல் தெரிய.
"தங்கூசி. அதுவும் பெரிய மீனுக்குப் போடுறது,"
என்றார் இன்னாசி.
அதுவரை அவர் வாயே திறக்கவில்லை.
சீனி அசன் தூக்குவாளியோடு டீக்குப் போனான்.

பிறகுதான் அந்த வாட்ச்மேன் வந்தார்.
பெயர்கூடப் போட்டிருக்க மாட்டார்கள்.
மொத்தமே நாற்பது விநாடி.
அரிக்கேனைக் கீழே வைத்துவிட்டு
பீடிக்குத் தீக்குச்சி உரசுகிறார்.
கதவு தட்டும் சத்தம்.
"யாரு?"
உரக்கக்கூட இல்லை,
கடன்காரன் வந்தால் கேட்கிற குரல்.
மறுபடி தட்டல்.
குச்சி எரிந்து விரலுக்கு வருகிறது,
அவர் பார்க்கவில்லை.
தொண்டைக்குழி ஒருமுறை
ஏறி இறங்குகிறது.
அவ்வளவுதான்.
அடுத்து நீச்சல்குளத்தில் பாட்டு.

டைட்டஸ் பாட்டை நிறுத்தித் திருப்பிப் போட்டான்.
இன்னொரு தரமும் போட்டான்.
கச்சான் காற்று
கூரைத் தகரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

"இவன் பயந்திருக்கான்," என்றார் இன்னாசி.
"தீடைக்கு அங்கிட்டு வள்ளம் கவுந்தன்னைக்கு
நான் கத்தல.
பலகையப் பிடிச்சுக்கிட்டு
சட்டைப் பொத்தான எண்ணிக்கிட்டு இருந்தேன்.
அஞ்சு.
திரும்ப எண்ணுனா அதே அஞ்சு.
விடியிறமட்டும்.
அண்ணன் சட்டையில எத்தனைன்னு
பாக்கல."

யாரும் மார்க் சொல்லவில்லை.
கரண்ட் போனது.

கதவில் தட்டல்.
பொறுத்து, மறுபடி.
யாரு என்று கேட்க உள்ளே நான்கு வாய் இருந்தது.
இருட்டில் என் கை
தானாகக் கழுத்துக்குப் போனது.
நைட்டியில் பொத்தான் இல்லை, ஜிப்.
எண்ண ஒன்றுமில்லை.

"டீ ஆறுதுப்பா! எல்லாரும் செத்தா போனீங்க?"

செல்போன் வெளிச்சத்தில்
வாளியிலிருந்து டம்ளர் டம்ளராக ஊற்றினான் சீனி அசன்.
கை நடுங்காத ஒரே ஆள் அவன்தான்.
"படம் எப்படி?"
டைட்டஸ் என்னைப் பார்த்தான்.
இன்னாசி டீயில் விழுந்த பூச்சியை
விரலால் எடுத்துக்கொண்டிருந்தார்.

"ரத்தம் சரியில்ல,"
என்றாள் ரூபவதி.