பதினொரு மீற்றர்

பாருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில்
கச்சேரி வரைபடத்தில் தூரம் போதும்.
சுழிபுரத்து ஒழுங்கையால் நடந்தால் போதாது.

பெர்மிட் புதுப்பிக்கிற மாதம்.
அளந்து பார்ப்போம் என்றாள் தவமலர்,
மேசன் நேசராசாவின் பெண்சாதி.
அவனுடைய அளவுநாடா
அந்தப் பாரிலேயே அடகில் கிடந்தது.
மாதர் சங்கக் காசில் மீட்டோம்.
பற்றுச்சீட்டுக் கேட்டோம், முதலாளி சிரித்தார்.

மறுநுனியை நேசராசாவே பிடித்தான்.
கை நடுக்கத்தில் கூடக்குறைய வருமென்று
மூன்றுதரம் அளந்தோம்.
மூன்றுதரமும்
பதினொரு மீற்றர் குறைவு.

அளந்தவர் பெயர், தொழில்:
படிவத்தில் இரண்டு கட்டம்.
‘மேசன்’ என்று எழுதிவிட்டு
கொஞ்சநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பதிவுத் தபாலில் போட்டாயிற்று.
இப்போது பின்னேரம் ஆறு மணி.
தவமலர் ஒழுங்கை முகப்பில் நிற்கிறாள்.
அவன் சைக்கிள் எந்தப் பக்கம் திரும்புமென்று
நாங்கள் ஒருத்தரும் கேட்கவில்லை.