கல்வெட்டு

எட்டு மணி நேர மழையை
நாற்பது நொடியில் பெய்து முடிக்கிறது என் கணினி.
அதற்குள் டீகூட ஆறுவதில்லை.

கேத்தி பாலாடாவைப் பத்து மீட்டர் கட்டங்களாக
நறுக்கி வைத்திருக்கிறேன்.
கட்டத்துக்கு ஓர் உயரம்தான்.
ஒரு வீடு, முக்கால் மாட்டுக்கொட்டகை,
மூன்று பாத்தி பீட்ரூட்
எல்லாம் ஒரே மட்டத்தில் நின்றாக வேண்டும்.
வேகத்துக்குக் கொடுத்த விலை அது.
நீரின் சுழிப்பையும் விட்டுவிட்டேன்.
பள்ளம் கண்டால் இறங்கு,
அவ்வளவுதான் அதற்குச் சொல்லிக்கொடுத்தது.

முதல் ஓட்டத்தில்
ரோட்டுக்கு மேற்கே குளம் கட்டிக்கொண்டது.
கேரட் கழுவும் மிஷின், ரேஷன் கடை,
பதினொரு லைன் வீடுகள், எல்லாம் நீலம்.
சிரித்தேன்.
மேலே பறந்து அளந்த விமானத்துக்கு
ரோட்டின் முதுகு தெரியும்,
வயிறு தெரியாது.
அடியில் போகும் கல்வெர்ட்டை
சாலைப் பணியாளர்கள் கல்வெட்டு என்பார்கள்.
அதைப் படிக்கத் தெரியாத வரைபடம்.
மவுஸால் ரோட்டைக் கிழித்து
ஒரு மீட்டர் வழி விட்டேன்.
நீலம் வடிந்தது.
சரி என்று கையெழுத்துப் போட்டேன்.

ஐப்பசியில் ஒரு ராத்திரி
அந்தக் குழாய்க்குள் கேரட் தழை போயிற்று,
உரச்சாக்கு போயிற்று,
யாரோ வீசிய மெத்தை போகவில்லை.

விடிந்து போய்ப் பார்த்தேன்.
ரேஷன் கடைச் சுவரில் சேற்றுக்கோடு
நான் அழித்த குளத்தின் கரையிலேயே
அச்சு அசலாக.
ஞானசௌந்தரி தார்ப்பாயில் அரிசி உலர்த்திக்கொண்டிருந்தாள்.
"கம்ப்யூட்டர்ல தெரியலையா மேடம்?"
தெரிந்தது என்று எப்படிச் சொல்ல.

இப்போது இரண்டாக ஓட்டுகிறேன்.
திறந்தது ஒன்று, அடைத்தது ஒன்று.
எண்பது நொடியில் திரையில் இரண்டு பாலாடா.
எதில் மழை பெய்கிறது என்று கேட்டால் மட்டும்
விழிக்கிறது.
அதற்கு ஆல்துரை வேண்டும்.

இரவு ஒன்று ஐம்பது.
டார்ச்சும் கடப்பாரையுமாக அவர் இறங்குகிறார்.
போனில் கொஞ்ச நேரம் மழைதான் பேசுகிறது.
பிறகு, "பாதி."
பாதின்னா எவ்வளவுண்ணே?
"முழங்கை போகுது. தோள் போகலை."

முழங்கைக்கு என்ன எண்?
பூஜ்யம் புள்ளி நாலு என்று அடித்து
ஓட்டுகிறேன்.
நாற்பது நொடி, இந்த முறை நீளமாக இருக்கிறது.
பதினொன்றில் ஏழு வீடு நீலம்,
நாலு வெள்ளை.
கிழக்கிலிருந்து ஏழு கதவு என்கிறேன்.

அவர் போனை அணைக்கவில்லை.
சட்டைப் பைக்குள்ளிருந்து எனக்குக் கேட்கிறது
தகரத்தில் மழை, நாய்,
தட்டுகிற கை.
எண்ணிக்கொண்டு வருகிறேன்.
ஏழு.

எட்டாவது கதவையும் தட்டுகிறார்.
ஒன்பதாவது.