வரவில் சேராதது

ஏழு மணி தமிழ் ஆராதனை முடிந்தால்
ஒன்பதுக்குக் கன்னட சபையார் வந்துவிடுவார்கள்.
அதற்குள் எண்ணி முடித்து
வெஸ்ட்ரி மேசையை விட்டுவிட வேண்டும்.

வலது கை கொடுப்பதை
இடது கை அறியக்கூடாதாம்.
எண்ணுவதற்கு எனக்கு இரண்டும் வேண்டியிருக்கிறது,
ஈரப் பஞ்சும்.

பத்து, இருபது, கிழிந்து ஒட்டிய ஐம்பது.
பேரப்பிள்ளை ஞானஸ்நானத்துக்கு யாரோ ஐந்நூறு.
க்யூஆர் அட்டை வைத்ததிலிருந்து
பை இளைத்துப்போச்சு என்பார் ஜெபசிங்,
வாராவாரம்.

இன்று பையின் அடியில்
நான்காய் மடித்த ரசீது ஒன்று.
சிவாஜிநகர் அடகுக்கடை.
வளையல் இரண்டு, பதினாறு கிராம்.
கெடு போன மாதமே முடிந்திருந்தது.

தவறி விழுந்ததா,
இல்லை, என்னால் மீட்க முடியவில்லை
நீரே வைத்துக்கொள்ளும் என்று போட்டதா?
கோபத்தில் போட்டதாகவும் இருக்கலாம்.

பெயரைப் படிக்காமல் மடித்துவிட்டேன்
என்று சொல்ல ஆசை.
படித்தேன்.
பாடகர் குழு, இரண்டாம் வரிசை ஓரம்.
இந்த மே மாதப் புழுக்கத்திலும்
மணிக்கட்டு வரை கை வைத்த ரவிக்கை.

பேரேட்டில் இதற்குப் பத்தி கிடையாது.
"சரியா வந்துச்சா?"
"ஒன்பதாயிரத்து நானூற்றுப் பத்து."
இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

ரசீது என் வேதாகமத்துக்குள் இருக்கிறது.
எந்த அதிகாரம் என்று பார்க்கவில்லை.
உள்ளே கன்னடத்தில்
நாங்கள் பாடிய அதே பாட்டு தொடங்கிவிட்டது.
பெஞ்சுகளில் எங்கள் சூடு
ஆறியிருக்காது.

நாளை திங்கள்.
அடகுக்கடை பத்தரைக்குத் திறக்கும்.