குருணை அளவு வெள்ளை

பட்டமங்கலத் தெருவில் என் கடை.
பெரும்பாலும் செத்தவர்களுக்குத்தான் சட்டம் அடிக்கிறேன்.
பாஸ்போர்ட் சைஸ் முகத்தைப் பெரிதாக்கிக் கொண்டுவருவார்கள்,
சந்தனமாலைக்கு இடம் விட்டுக்
கண்ணாடி வெட்டித் தருவேன்.

ஐப்பசிக் கடைசியில்
குத்தாலத்திலிருந்து தையல்நாயகி வந்தாள்,
டிவிஎஸ் பின்சீட்டில் கட்டிய
நாலுக்கு மூன்று கேன்வாஸோடு.
‘இதுல மேல் எது, கீழ் எது?’
‘ஆறு எந்தப் பக்கம் விழுதோ அது கீழ்.’

காவிரி நெட்டுக்குத்தாக நின்றது,
கொடியில் காயும் எட்டுமுழ வேட்டி.
அதன் மடிப்புகளில் எதிர்த்து ஏறிக்கொண்டிருந்தது
கால் முளைத்த ஒரு நெல்மூட்டை.
அதுதான் உயிராம்.

அவியல் தொட்டியில் அது வாய்விட்டு அழுதது.
உதிர்ந்த உமியெல்லாம் கெண்டையாகித்
திரும்பிப் பார்க்காமல் நீந்திப் போனது.
ஆற்று நடுவில் சலூன் நாற்காலி.
கொக்கு ஒன்று கத்தியைத் தீட்டி
அதன் பெயரை மழித்தது,
தகப்பன் பெயரை மழித்தது,
சாதியை மழிக்கையில் மட்டும்
ரத்தம் வரைந்திருந்தாள்.

அப்புறம் ஐந்து கண் மதகு.
பொதுப்பணித்துறைச் சட்டை போட்ட ஆமை
எத்தனை கனஅடி ஆசை இறங்கிற்று என்று
நோட்டில் குறித்துக்கொண்டிருந்தது.

உச்சியில்
ஒற்றை அரிசி.
விளக்கில்லாத வெளிச்சம்.

சட்டத்தில் பொருத்தும்போது
என் கட்டைவிரல் அதன்மேல் பட்டுவிட்டது.
அந்த இடம் மட்டும் பெயின்ட் காயவில்லை.
எல்லாம் கழித்து ஏறிவந்த ஒன்றின்மீது
பீடியும் மரத்தூளும் கோந்தும் கலந்த
என் ரேகை.

காசு வேண்டாம் என்றேன்.
அவள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.
‘ஆணி சின்னதாவே அடிங்கண்ணே’ என்று
அறுநூறை எண்ணி வைத்துவிட்டுப் போனாள்.

கார்த்திகை ஒன்று, முடவன் முழுக்கு.
எனக்கு இரண்டு காலும் நன்றாகத்தான் இருக்கின்றன.
கூட்டம் நேற்றே முழுகிக் கலைந்திருந்தது.
துலாக்கட்டத்தில் முழங்கால் தண்ணீர்,
யாரோ விட்டுப்போன சோப்பு உறை.
உட்கார்ந்து, தலை சாய்த்து, மூச்சடக்கி
எப்படியோ முழுகினேன்.
படிக்கல்லில் விரலைத் தேய்த்தேன்.
மண்ணெண்ணெய்க்கே போகாதது
காவிரிக்கா போகும்?
நகக்கண்ணில் குருணை அளவு வெள்ளை.

பதினோரு மணிக்குக் கடை திறந்தேன்.
ரயில்வே கிளார்க் ஒருவர் காத்திருந்தார், படமாக.
அவர் கண்ணாடியைத் துடைக்கையில்
கட்டைவிரலை
உள்ளே மடக்கிக்கொண்டேன்.