மறுபடி அழைப்பவள்

தோ பாயோவில் சன்னல் இல்லாத அறையில்
எனக்குச் சம்பளம் ஒரே வாக்கியத்துக்கு:
"உங்கள் மேமோகிராம் படத்தில் ஓரிடத்தை
இன்னொரு முறை பார்க்கவேண்டியிருக்கிறது."
மூன்று மொழியில் தங்குதடையின்றி வரும்.
ஹொக்கியனில் இன்னும் தடுமாறுகிறேன்.

ஒன்றும் இருக்காதும்மா என்று சொல்லக்கூடாது.
இருக்கலாம் என்றும் கூடாது.
எதிர்முனையில் மின்விசிறியை நிறுத்துவார்கள்.
அந்தச் சொடுக்கு எனக்குக் கேட்கும்.
நான் சொல்லாமல் விட்டது
காதில் விழவேண்டும் அவர்களுக்கு.

மேலாளர் அறியாமல் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன்.
அழைத்தால் ஒரு கோடு.
ஒன்றுமில்லை என்று முடிவு வந்தால்
அதன் குறுக்கே இன்னொன்று.
பக்கம் பக்கமாகப் பெருக்கல் குறிகள்.
எப்போதாவது ஒரு கோடு
அடிபடாமல் தனியே நிற்கும்.

செம்பவாங் ரொஸ்னானி பெருக்கல் குறி.
மூன்று வாரம் தூங்கவில்லை,
நகையை இரண்டு மகள்களுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டார்.
ஊசியால் உறிஞ்சிப் பார்த்தால் வெறும் நீர்க்கட்டி.
"உயிர் திரும்பிவிட்டது, வளையல் திரும்பவில்லை,
சின்னவளிடம் எப்படிக் கேட்பது?"
அந்தக் கேள்விக்கு எங்களிடம் படிவம் இல்லை.

திருமதி இங் நிற்கும் கோடு.
கடுகளவு. வெட்டினார்கள், கதிர் வைத்தார்கள்.
ஆறு வருடமாகச் சீனப் புத்தாண்டுக்கு
இரண்டு ஆரஞ்சு கொண்டுவருகிறார்,
இரண்டு கையாலும் நீட்டி, தலை குனிந்து,
நான்தான் காப்பாற்றினேன் என்பதுபோல.
மின்தூக்கிக்குக் காத்திருக்கையில் டாக்டர் ஒருமுறை சொன்னார்,
சில கடுகு முளைப்பதே இல்லை,
தொண்ணூறு வயதுவரை உள்ளே கிடந்து
ஆளோடு சேர்ந்து போயிருக்கவும் கூடும்.
எது முளைக்கும் என்று காட்டும் கண்ணாடி இன்னும் வரவில்லை.
அந்த அம்மாவிடம் சொல்லிவிடாதே.
சொல்லவில்லை.
சுளைக்குள் விதை பல்லில் தட்டினால் மட்டும்
மெல்லுவதைக் கொஞ்சம் நிறுத்துகிறேன்.

குமுதவல்லியை நான் அழைக்கவே இல்லை.
மார்ச்சில் படம் சுத்தம்.
அக்டோபரில் சோப்புப் போடும்போது
அவர் விரலே கண்டுபிடித்தது.
அவர்தான் என்னை அழைத்தார்.
"எல்லாம் சரி என்று எழுதினீர்களே."
எழுதியது கணினி.
கேட்டுக்கொண்டிருந்தது நான்.

வராதவர்களுக்கு நோட்டில் இடமில்லை.
புக்கிட் மேராவில் ஏதோ ஒரு தபால்பெட்டியில்
பீட்சா விளம்பரங்களுக்கு நடுவே கிடக்கும் எங்கள் உறை.
படத்துக்கு மானியம் உண்டு.
தட்டுக் கழுவும் வேலையில்
அரைநாள் விட்டால் அதற்கு இல்லை.

போன மாதக் கூட்டத்தில்
அமைச்சிலிருந்து வந்த இளைஞர்
காப்பாற்றிய ஓர் ஆண்டுக்கு இத்தனை வெள்ளி என்று
திரையில் காட்டினார்.
பின்வரிசையில் யாரோ உச்சுக்கொட்டினார்கள்.
கல்நெஞ்சன் என்று நானும்தான் நினைத்தேன்.
இடைவேளையில் கோப்பியைக் கலக்கிக்கொண்டே சொன்னார்:
அம்மாவுக்கு வாரம் மூன்று டயாலிசிஸ்,
பக்கத்தில் நாற்காலி கிடைக்க நான்கு மாதம் அலைந்தோம்,
எல்லாம் ஒரே உண்டியல்தானே, அக்கா.
சீனி போட மறந்துவிட்டார்,
கலக்கிக்கொண்டே இருந்தார்.

எனக்கு ஐம்பது முடிந்தது. கடிதம் வந்தது.
எங்கள் கடிதம், எங்கள் எழுத்துப்பிழையோடு.
குளிர்பெட்டிக் காந்தத்தில் பதினோரு நாள் தொங்கியது.
இத்தனை பெருக்கல் குறி போட்ட கைதான்
கடைசியில் அதைக் கழற்றியது.
வியாழன் ஒன்பது நாற்பது.
தட்டு சில்லென்று இறங்கியது.
மூச்சைப் பிடியுங்கள் என்றாள் அந்தப் பெண்.
பிடித்தேன்.

பக்கத்து மேசை ஷர்மெய்னிடம் சொல்லியிருக்கிறேன்.
என் பெயர் உன் பட்டியலில் வந்தால்
எழுந்து வராதே, என் முகத்தைப் பார்க்காதே.
எண்ணை அழுத்து.
முழு வாக்கியத்தையும் சொல்.