பதினேழாம் பக்கம்

நாற்பத்தெட்டுப் பக்கம், பக்கத்துக்கு இரண்டு ரூபாய்.
தகவல் கேட்டு ஏழு மாதம் கழித்து
ஆரம்பாக்கத்துக்கு வந்தது தபால்.
பதினேழாம் பக்கத்தில்
கார்த்திகை மழையில் ஏரி உடைந்த அந்தச் செவ்வாய்:
‘எரிவாயுக் குழாய்ப் பாதை முழுக்க நடந்து பார்த்தேன்.
கசிவு இல்லை.’
கீழே முனிரத்தினத்தின் கையெழுத்து,
இங்கிலீஷில், சாய்ந்து, அழகாக.

அன்றைக்கு மஞ்சள் கல்லெல்லாம் தண்ணீருக்குள்.
முனிரத்தினம் எங்களோடு பள்ளிக்கூடத்தில்
வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.
பாய் வாங்கியதற்கு என் நோட்டில் போட்டது
இன்னும் இருக்கிறது:
தெலுங்கில், நான்கே எழுத்து,
கடைசி எழுத்து கோட்டைத் தாண்டி.

இரண்டையும் சேர்த்து வைத்துக் காட்டினேன்.
வெகுநேரம் பார்த்தார்.
“நல்லா நடந்திருக்கான்,” என்றார்,
“என்னைவிட.”

மேல்முறையீட்டுக்கு முப்பது நாள்.
அவர் பேனாவில் மையில்லை,
என்னுடையதைக் கொடுத்தேன்.
என் பெயருக்குக் கீழே
நான்கு எழுத்து.