நிமிடத்துக்கு எத்தனை

கூடாரத்தில் குழந்தை இருக்கிறான், சிக்னல் இல்லை.
குன்றின் மேல் சிக்னல் இருக்கிறது, குழந்தை இல்லை.
நடுவே ஒன்பது நிமிட மோட்டார் சைக்கிள் பாதை,
பாதி உறைந்த ஓடை.

டாக்டர் யன்ஜ்மா இருப்பது
அல்தாய்க்கு அந்தப் பக்கம், மாகாண நகரத்தில்.
அடுத்து எப்போது வரவேண்டும் என்று
தடுப்பூசி அட்டையில் எழுதித் தந்திருக்கிறார்:
இருபத்திரண்டாம் தேதி.
இருமலுக்கு வாசிக்கத் தெரியாது.

உச்சிக் கற்குவியலின் மேற்குப் பக்கம்
நீலத் துணிகள் படபடக்கும் இடத்தில்
கையை உயர்த்தினால் இரண்டு கோடு விழும்.
முதல் செய்தியில் எல்லாவற்றையும் கொட்டினேன்:
முந்தாநாள் இரவிலிருந்து,
ஆட்டுக்குட்டிகளை உள்ளே கட்டினோமே அந்த இரவு,
இல்லை, அதற்கும் முந்தியது,
பால் குடிக்கிறான், பாதியில் விடுகிறான்,
பல் முளைக்கிறது என்கிறார் என் கணவர்,
நான் அப்படிச் சொல்லவில்லை டாக்டர்.
பாதியைக் காற்று தின்றிருக்கும்.

பதில் வந்தது. ஆறே நொடி.
பின்னால் ஒரு கோப்பையில் கரண்டி சுற்றும் சத்தம்.
"நிமிடத்துக்கு எத்தனை மூச்சு?"

எத்தனை ஆடு என்று கேட்டிருந்தால்
தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லியிருப்பேன்:
முந்நூற்றுப் பன்னிரண்டு, அதில் ஏழு நொண்டி.
பெற்ற பிள்ளையின் மூச்சை
ஒருநாளும் நான் எண்ணியதில்லை.

இறங்கினேன்.
குளிர்ந்த கை பட்டதும் வீரிட்டான்.
அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினேன்,
ஐம்பத்தாறு.
ஏறினேன்.

"அழும்போது எண்ணாதே. தூங்கட்டும்.
முழு நிமிடம். சட்டையை விலக்கு.
மூச்சு இழுக்கையில்
விலாவுக்குக் கீழே குழி விழுகிறதா பார்.
இருமலைப் பதிவு செய்து கொண்டுவா."
குரலில் கோபமில்லை.
திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

பாசன்ஜாவ் அவனை நெஞ்சில் சாய்த்தபடி
நான் விட்டுப்போன இடத்திலேயே உட்கார்ந்திருந்தார்,
கால் மரத்துப்போய், அசையாமல்.
பல்லைப் பற்றி இப்போது பேச்சில்லை.

அவன் பெயர் எனெபிஷ்.
'இவன் அல்ல' என்று அர்த்தம்.
முதல் பிள்ளை தங்கவில்லை, அதனால் வைத்தோம்.
தேடி வருவது எதுவானாலும்
வாசலில் பெயர் கேட்டுவிட்டுக் குழம்பித் திரும்பட்டும் என்று.
ஆஸ்பத்திரிப் பதிவேட்டிலும் அப்படித்தான் இருக்கிறது:
நோயாளி, இவன் அல்ல. வயது பதினான்கு மாதம்.

கடிகாரம் என்று எங்களிடம் இருப்பது போன் ஒன்றுதான்.
சார்ஜ் பதினொரு சதவீதம்.
விளக்கைக் கிட்டே வைத்து வயிற்றைப் பார்த்தேன்.
பதினேழில் நாய் குரைத்தது, விட்டுவிட்டேன்.
மறுபடி ஒன்றிலிருந்து.
முப்பத்தெட்டு.
நம்பாமல் இன்னொரு முறை. முப்பத்தேழு.
குழி இல்லை.
விளக்கு ஆடும்போதெல்லாம் குழி மாதிரி ஒன்று தெரிந்தது,
பாசன்ஜாவ் என் மணிக்கட்டைப் பிடித்து விளக்கை நிறுத்தினார்.
இல்லை.

கோட்டின் உள்பையில் அவன் இருமலைப் போட்டுக்கொண்டு
மூன்றாம் முறை ஏறினேன்.
இருட்டில் ஓடை தெரியவில்லை, சத்தம் வைத்துக் கடந்தேன்.
அனுப்பும் வட்டம் சுற்றியது, சுற்றியது.
பதினான்கு நொடி இருமல்
மலையைத் தாண்ட இவ்வளவு நேரமா?

"கேட்டேன். நெஞ்சில் இறங்கிய மாதிரி இல்லை.
பால் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடு.
நாற்பதைத் தொட்டால், குழி விழுந்தால், குடிக்க மறுத்தால்
என்னைக் கேட்டுக்கொண்டு நிற்காதே,
கிளம்பிவிடு, வழியில் கூப்பிடு.
இல்லையென்றால் காலை ஏழுக்குச் சொல்.
சொல்ல ஒன்றுமில்லை என்றால் அதையும் வந்து சொல்."

இரவு நான்கு முறை எண்ணினேன்,
ஐந்தாவது எண்ணிக்கையில் தூங்கிப்போனேன்.

ஏழு மணி. கல் மேல் ஏறி நின்று
"முப்பத்து நான்கு" என்று மட்டும் அனுப்பிவிட்டு
கையை உயர்த்தியபடியே காத்திருக்கிறேன்.
கீழே கூடாரத்து வாசலில்
பாசன்ஜாவும் கையை உயர்த்துகிறார்.
மெல்ல வா என்கிறாரா, சீக்கிரம் என்கிறாரா,
இங்கிருந்து தெரியவில்லை.